படைத்தவன் உரிமையும் கடைக்காரன் ஜன்னலும்

ஒருவன் படைத்ததில் ஓர் எழுத்தைக்கூட அவன் அனுமதியில்லாமல் மாற்றுவதற்கு இன்னொருவனுக்கு அதிகாரம் கிடையாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். இந்தக் கட்சியில் நான் நேற்றுச் சேர்ந்தவனல்ல. என் கதை ஒன்றின் கடைசிப் பத்தியை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தலைவலித் தைல விளம்பரத்தைப் பொருத்தி வெளியிட்ட பத்திரிகைக்கு, அதன் பிறகு இன்றுவரை நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. கதாநாயகி கடைசியில் ரயில் ஏறினாளா, இல்லையா என்று கேட்டு வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதினார்கள். "தைலத்தைத் தடவிக்கொண்டு ஏறிவிட்டாள்" என்று நானும் பதில் எழுதினேன்.

ஆகவே என்னைப் போன்ற எழுத்தாளர்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மைக்ரோஸாஃப்ட், கூகிள் போன்ற ஸாஃப்ட்வேர் கம்பெனிகளின் பக்கம்தான் நிற்கவேண்டும் என்று ஒரு வக்கீல் நண்பர் வாதிக்கிறார். "அவர்களும் உங்களைப்போல எழுதுகிறவர்கள்தானே? அவர்கள் எழுதியதைக் கம்ப்யூட்டர் செய்து விற்கிறவன் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டுகிறான். உங்கள் கதையை வெட்டினால் கோபம் வருகிறது. அவர்கள் எழுதியதை வெட்டினால் மட்டும் சும்மா இருப்பீரோ?" என்கிறார்.

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. சட்டமும் அவர் பக்கம் இருப்பதுபோல் ஒரு தோற்றம் உண்டு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு' என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்துக்குள் கம்ப்யூட்டர் புரோகிராமும் அடக்கம் என்று 1984-இல் ஒரு திருத்தம் செய்து சேர்த்துவிட்டார்கள். ஆக, சட்டத்தின் கண்ணுக்கு நானும் பில் கேட்ஸும் ஒரே தொழில் செய்கிறவர்கள்! வருமானத்தில் மட்டும் ஏதோ கொஞ்சம் வித்தியாசம்.

ஆனால் இந்த உறவைக் கொண்டாடுவதற்கு முன்னால், அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறவர் என்ன காரியம் செய்தார் என்று பார்த்துவிடுவது நல்லது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரைச் செய்கிறவன் ஒருவன். அதற்குள்ளிருந்து அதை இயக்குகிற ஸாஃப்ட்வேரை எழுதுகிறவன் இன்னொருவன். நாம் கடையில் காசு கொடுத்து வாங்குகிற பெட்டியின்மேல் முதல் ஆசாமியின் பெயர் இருக்கிறது. பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டவுடன் தெரிகிற முகம் இரண்டாவது ஆசாமியினுடையது. ஏதாவது கோளாறு என்றால் நாம் யாருக்குப் போன் செய்கிறோம்? பெட்டியின்மேல் பெயர் போட்டிருக்கிறவனுக்குத்தான். முகம் ஒருவனுடையது, வசவு இன்னொருவனுக்கு! இந்த ஏற்பாட்டில், பெட்டி விற்கிறவன் அந்த முகத்தில் தனக்கு வேண்டிய சில மாறுதல்களைச் செய்துகொள்ளலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி மைக்ரோஸாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 95 என்பதை வெளியிட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கியவர்கள். எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தெரியாது. ஆகவே பெட்டி விற்கிறவர்கள், முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல ஒரு சின்னப் பாடம் ஓடும்படி செய்தார்கள். இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற கம்பெனிகளில் எது வேண்டும் என்று கேட்கும்படி செய்தார்கள். பக்கார்டு பெல் என்ற கம்பெனி 'நாவிகேட்டர்' என்று பெயர் வைத்து, திரையில் ஒரு வீட்டையே கட்டிக் காட்டியது. அறை அறையாகப் போகலாம். அங்கங்கே உள்ள பொருளைத் தொட்டால் அந்தந்தக் காரியம் நடக்கும். வேறு சிலர், மைக்ரோஸாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குப் போட்டியாக இருந்த நெட்ஸ்கேப் பிரவுசரை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

இதெல்லாம் தர்மம் செய்வதற்காக அல்ல என்பது எனக்கும் தெரியும். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கமிஷன் கொடுத்தான். இவர்கள் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

மைக்ரோஸாஃப்டுக்கு இது பொறுக்கவில்லை. 1996-இல் லைசென்ஸ் ஒப்பந்தங்களில் புதிய நிபந்தனைகளைச் சேர்த்தது. விண்டோஸ் திரையில் நாங்கள் வைத்திருக்கும் ஐகான் எதையும் - அதாவது அந்தச் சின்னச் சின்னப் படங்களில் ஒன்றைக்கூட - நீ எடுக்கக்கூடாது. ஸ்டார்ட் மெனுவில் உள்ள எதையும் நீக்கக்கூடாது. முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் வரிசையாக வருகிற காட்சிகளை மாற்றக்கூடாது. அது முடிந்ததும் உன்னுடைய புரோகிராம் எதுவும் தானாகக் கிளம்பக்கூடாது. நீயாக ஏதாவது ஐகான் வைத்தால் அது எங்கள் ஐகானைவிட உருவத்திலோ அளவிலோ வித்தியாசமாக இருக்கக்கூடாது.

கடைசி நிபந்தனையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். வக்கீல் நண்பர் சொல்கிற 'படைப்பின் புனிதம்' என்பது எங்கே போய் நிற்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.

இதையே என் தொழிலுக்கு மாற்றிச் சொல்லுகிறேன். நான் ஒரு நாவல் எழுதுகிறேன். அதில் ஒரு வரியை எவனும் தொடக்கூடாது என்கிறேன். நியாயம். அதோடு நிற்காமல் புத்தகக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "ஐயா, உமது கடையில் என் நாவல் முன் ஜன்னலில்தான் இருக்கவேண்டும். அதை நீர் பின் அலமாரிக்கு நகர்த்தக்கூடாது. விற்காவிட்டாலும் எடுக்கக்கூடாது. கடைக்குள் நுழைகிற வாடிக்கைக்காரர் முதலில் என் புத்தகத்தைத்தான் பார்க்கவேண்டும். அதற்குமுன் நீர் அவருக்கு 'வாருங்கள்' என்று வணக்கம்கூடச் சொல்லக்கூடாது. மற்ற எழுத்தாளர்களின் புத்தகம் என் புத்தகத்தைவிடப் பெரிய அளவில் இருக்கக்கூடாது" என்று சொன்னால், அவர் என்ன செய்வார்? முதலில் எனக்கு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்து விசிறிவிடுவார். வெயில் காலத்தில் எழுத்தாளர்களுக்கு இப்படியெல்லாம் வருவது உண்டு என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் ஊரில் விற்கிற 100 புத்தகங்களில் 90-க்கு மேல் நான் எழுதியவை, என் புத்தகம் இல்லாமல் கடை நடத்தவே முடியாது என்றிருந்தால் அவர் மோர் வாங்கிக் கொடுக்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க" என்பார். மைக்ரோஸாஃப்டின் நிலைமை அதுதான். இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களில் 100-க்கு 90-க்கு மேல் பல வருஷங்களாக விண்டோஸ்தான் என்று அமெரிக்க நீதிமன்றமே கணக்கெடுத்து எழுதி வைத்திருக்கிறது.

காம்பாக் கம்பெனி, கையைக் கட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் முரண்டு செய்து பார்த்தது. அது சாதாரணக் கம்பெனியல்ல. அன்றைக்குக் கம்ப்யூட்டர் விற்பனையில் முதல் வரிசையில் நின்றது. அமெரிக்கா ஆன்லைன் என்ற இன்டர்நெட் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1996-இன் தொடக்கத்தில், தன் பிரஸாரியோ கம்ப்யூட்டர்களின் திரையிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐகானையும், மைக்ரோஸாஃப்ட் நெட்வொர்க் ஐகானையும் எடுத்துவிட்டது. புரோகிராமை அழிக்கவில்லை, அதில் ஒரு வரியைத் திருத்தவில்லை. வாசலில் தொங்கிய போர்டைக் கழற்றி வைத்தது, அவ்வளவுதான்.

1996 மே 31-ஆம் தேதி மைக்ரோஸாஃப்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த ஐகான்களைத் திரும்ப வைக்காவிட்டால் விண்டோஸ் 95 லைசென்ஸையே ரத்துசெய்துவிடுவோம் என்று அதில் கண்டிருந்தது. விண்டோஸ் இல்லாத காம்பாக் கம்ப்யூட்டரை எவன் வாங்குவான்? ஐகான்கள் உடனே பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டன.

ஹ்யூலட்-பக்கார்டு கம்பெனிக்காரர்கள் வேறு விதமாக நொந்துகொண்டார்கள். 1997 மார்ச்சில் அவர்கள் மைக்ரோஸாஃப்டுக்கு எழுதிய கடிதம் பின்னால் கோர்ட்டில் சாட்சியமாக வந்தது. தாங்கள் வைத்திருந்த அறிமுகப் பாடத்தை எடுக்கச் சொன்னதால் வாடிக்கைக்காரர்கள் குழம்பிப்போகிறார்கள், உதவி கேட்டு வருகிற போன் கால்களில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் ஸாஃப்ட்வேரின் குறையாலும் குழப்பத்தாலும் வருகிறது, அதற்கு நாங்கள் செலவு செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். வேறு ஒருவரிடம் இந்தச் சரக்கை வாங்க வழியிருந்தால் உங்களிடம் வாங்கமாட்டோம் என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்ததே அதுதான். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று, ஊருக்கு ஒரே ஒரு ரேஷன் கடைதான் இருக்கிறது என்று வயிறெரிந்து திட்டிவிட்டு, அதே கடையில் மறுபடியும் போய் வரிசையில் நின்ற காட்சி!

இனி, வக்கீல் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். மைக்ரோஸாஃப்ட் இதையெல்லாம் தன் படைப்பு சிதையக்கூடாது என்ற ஏக்கத்தில் செய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஏக்கம் அந்தக் கம்பெனியின் உள் கடிதங்களில் தெரியவேண்டுமா, வேண்டாமா? 1996 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் அதிகாரி ஒருவருக்கு எழுதிய ஈமெயிலும் கோர்ட்டுக்கு வந்தது. பிரவுசர் சந்தையில் பங்கைப் பிடிப்பது நமக்கு மிக மிக முக்கியம். பெட்டி விற்கிறவர்களோ மற்றவர்களின் பிரவுசரை நம்முடையதைக் காட்டிலும் எடுப்பாகத் திரையில் காட்டுகிறார்கள் என்பதுதான் அதிலிருந்த கவலை. அழகு, ஒருமைப்பாடு, கலைஞனின் கனவு என்ற பேச்சே அதில் இல்லை. கடைக்காரன் எதிர்க் கடையைப் பார்த்துப் புழுங்குகிற புழுக்கம்தான் இருக்கிறது. புழுங்கட்டும், அது வியாபாரிக்கு இயற்கை. ஆனால் அதற்கு என் சட்டையை ஏன் போட்டுக்கொள்ளவேண்டும்?

வழக்கு விசாரணை 1998 அக்டோபரில் தொடங்கிற்று. 1999 நவம்பர் 5-ஆம் தேதி நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்ஸன் இந்தச் சங்கதிகளையெல்லாம் சாங்கோபாங்கமாக எழுதித் தீர்மானம் செய்தார். மனிதர் எழுதியவரையில் நன்றாக எழுதினார். பிறகு பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வழக்கைப் பற்றிப் பேசி வாயைக் கெடுத்துக்கொண்டார். மேல் கோர்ட்டு அவரை வழக்கிலிருந்தே விலக்கியது. கம்பெனியை இரண்டாகப் பிளக்கவேண்டும் என்ற அவருடைய உத்தரவையும் ரத்து செய்தது. ஆனால், அவர் கண்டு எழுதிய உண்மைகளை மேல் கோர்ட்டு தள்ளவில்லை.

2001 ஜூன் 28-ஆம் தேதி வந்த அந்த மேல் கோர்ட்டுத் தீர்ப்பைத்தான் வக்கீல் நண்பர் ஒரு தடவை உட்கார்ந்து படிக்கவேண்டும். எங்கள் காப்பிரைட்டை நாங்கள் பிரயோகித்தோம், அதற்காக எங்களைக் குற்றம் சொல்வதெப்படி என்று மைக்ரோஸாஃப்ட் கேட்டது. பேஸ்பால் மட்டை என் சொந்தச் சொத்து, ஆகவே அதைக் கொண்டு நான் என்ன செய்தாலும் வழக்குப் போடமுடியாது என்று சொல்வது போலிருக்கிறது உங்கள் வாதம் என்று ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊராக இருந்தால் உலக்கை என்றிருப்பார்கள். காப்பிரைட் சட்டம் கொடுக்கிற உரிமை உண்மைதான். அதை வைத்துச் சந்தையில் எதிராளியின் மண்டையை உடைக்கிற உரிமை அதற்குள் இல்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நீதிபதிகள் மைக்ரோஸாஃப்டின் பக்கம் பேசினார்கள். விண்டோஸ் திரையே கண்ணில் படாதபடி, அதன்மேல் முழுசாக வேறு ஒரு முகத்தை ஒட்டிவிடுவது படைப்பையே அடியோடு மாற்றுவதாகும். அதைத் தடுக்க மைக்ரோஸாஃப்டுக்கு உரிமை உண்டு என்றார்கள். பக்கார்டு பெல்லின் வீடு போன்ற சமாசாரங்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழுகிறது. என் அட்டையைக் கிழித்து, வேறொருவன் அட்டையைப் போட்டு, முதல் அத்தியாயத்தையும் மறைத்து விற்றால் நானும்தான் கோர்ட்டுக்குப் போவேன். ஆகவே நீதிபதிகள் சொன்னதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், திரையில் வீட்டைக் காட்டி அறை அறையாக அழைத்துப் போகிற யோசனை மைக்ரோஸாஃப்டுக்கும் இருந்தது. 'பாப்' என்று பெயர் வைத்து 1995-இல் அதை விற்கவும் செய்தார்கள். ஈ ஓட்டியது!

தீர்ப்பு வந்த சில நாட்களில், 2001 ஜூலையில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐகானைப் பெட்டிக்காரர்கள் எடுத்துவிட்டுக்கொள்ளலாம் என்று மைக்ரோஸாஃப்ட் தானாகவே அறிவித்தது. அதற்குள் நெட்ஸ்கேப்பை அமெரிக்கா ஆன்லைன் விலைக்கு வாங்கியாகிவிட்டது. அடுத்த வருஷமே காம்பாக்கும் ஹ்யூலட்-பக்கார்டில் ஐக்கியமாகிவிட்டது.

இப்படி நான் பெட்டி விற்கிறவர்களுக்காகப் பரிந்து பேசுவதைப் பார்த்து அவர்களைச் சாதுக்கள் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். முகத்தை மாற்றுகிற உரிமையைக் கொடுத்தால் அவர்களில் சிலர் எதைச் செய்வார்கள் என்பதற்கு லெனோவோ கம்பெனியின் கதை ஒன்றே போதும். 2014-இல் அந்தக் கம்பெனி தன் லாப்டாப்புகள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற புரோகிராமை முன்கூட்டியே வைத்து விற்றது. அது என்ன செய்தது தெரியுமா? நீங்கள் பார்க்கிற பக்கங்களுக்குள் தன்னுடைய விளம்பரங்களைச் செருகியது. அதற்காக, பாங்கி முதலான இடங்களோடு நாம் ரகசியமாகப் பேசுவதற்கு உள்ள பூட்டுக்கு ஒரு கள்ளச் சாவியைப் போட்டு வைத்தது. அந்தக் கள்ளச் சாவியும் எல்லா லாப்டாப்புகளுக்கும் ஒன்றே! 2015 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. 2017 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனோடும் 32 மாநிலங்களோடும் ராஜியாகப் போய், மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டினார்கள். நம் கைகளிலுள்ள போன்களின் யோக்கியதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் வாங்கிய ஒரு போனில், பூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே சினிமா நட்சத்திரத்தின் கல்யாணச் செய்தியைப் படித்தாகவேண்டும். கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாம் ஒரு குட்டையில் ஊறிய மட்டைகள்.

அப்படியென்றால் எழுதியவன் பக்கமும் போகாதே, விற்கிறவன் பக்கமும் போகாதே என்கிறாயா என்று கேட்பீர்கள். ஆமாம். மூன்றாவதாக ஓர் ஆசாமி இருக்கிறான். காசு கொடுத்தவன்! மைக்ரோஸாஃப்டும் காம்பாக்கும் போட்ட சண்டையில், திரையில் எந்த ஐகான் இருக்கவேண்டும் என்று கேட்டு யாராவது அவனுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டார்களா?

அவனை நினைத்து எழுதப்பட்ட லைசென்ஸ் ஒன்று உலகத்தில் உண்டு. லினக்ஸ் என்ற ஸாஃப்ட்வேருக்கு உள்ள ஜி.பி.எல். என்பது அது. அதன் சாரம் எளிமையானது: நீ இதை எடுத்துக்கொள்ளலாம், உன் இஷ்டம்போல் மாற்றலாம், பெட்டிக்குள் வைத்து விற்கலாம், எனக்குக் காசு வேண்டாம், ஆனால் நீ விற்கிறவனுக்கு, நீ மாற்றி எழுதிய மூலத்தையும் கொடுத்துவிடவேண்டும். அவனும் உன்னைப்போல மாற்றிக்கொள்ளட்டும். காப்பிரைட் என்ற அதே சட்டத்தை வைத்துக்கொண்டுதான் இதையும் செய்திருக்கிறார்கள். ஒருவன் வேலி கட்டிய அதே முள்ளைக் கொண்டு இன்னொருவன் காலில் தைத்த முள்ளை எடுத்திருக்கிறான்.

இதையும் மதிக்காமல் நடந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். லிங்க்ஸிஸ் கம்பெனி விற்ற நீல நிற ரௌட்டர் ஒன்றுக்குள் இந்த லினக்ஸ்தான் இருக்கிறது என்பதை 2003-இல் சிலர் கண்டுபிடித்தார்கள். மூலத்தை வெளியிடவில்லையே என்று கேள்வி கிளம்பியது. அதற்குள் லிங்க்ஸிஸை விலைக்கு வாங்கியிருந்த சிஸ்கோ, வேறு வழியில்லாமல் அந்த வருஷமே மூலத்தை வெளியிட்டது. அதிலிருந்து கிளைத்து 2004-இல் 'ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி' என்ற புதிய ஸாஃப்ட்வேர் உண்டாயிற்று. கம்பெனி கைவிட்ட பழைய பெட்டிகளில் அதைப் போட்டு ஜனங்கள் வருஷக்கணக்காக ஓட்டினார்கள். எழுதியவனுடைய உரிமை, விற்பவனுடைய ஜன்னலையும் தாண்டி, வாங்கியவனின் மேஜைவரை வந்து சேர்ந்தது. ஓர் எழுத்தாளனாக எனக்குப் பொறாமையே வருகிறது.

"இப்படி எல்லாரும் மாற்றிக்கொண்டே போனால் எதை எவன் எழுதினான் என்று தெரியாமல் போய்விடுமே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் கௌரவமான வழி ஒன்று இருக்கிறது. டெபியன் என்ற கூட்டத்தார் ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தங்களுக்கு வேண்டியபடி மாற்றி வினியோகித்தார்கள். 2006-இல் மோஸில்லாக்காரர்கள், "மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் நாங்கள் ஒப்புக்கொள்ளாத மாற்றத்தின்மேல் எங்கள் பெயரைப் போடாதீர்கள்" என்றார்கள். டெபியன்காரர்கள் அதற்கு 'ஐஸ்வீஸல்' என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து இருவரும் சமாதானமாகிப் பழைய பெயரே திரும்பிற்று. யாருக்கும் சரக்கை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல் கிடையாது. எழுதியவன் தன் பெயரைத் திரும்பக் கேட்டான், கொடுத்தார்கள்.

எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். தைல விளம்பரக் கதையில், 'இது முழுக்கதையல்ல' என்று ஒரு வரி போட்டிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். மன்னு பண்டாரி என்ற ஹிந்தி நாவலாசிரியை, தம்முடைய 'ஆப்கா பண்டி' நாவலைச் சினிமாவாக எடுத்தவர்கள் அதைச் சிதைத்துவிட்டார்கள் என்று டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனாரே, 1986-இல் - உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு எழுத்தாளனைக் காக்கும் என்று அந்த வழக்கில்தான் பலமாகச் சொல்லப்பட்டது - அவர் கேட்டதும் தம் பெயரும் தம் கதையும் மானத்தோடு இருக்கவேண்டும் என்பதைத்தான். சினிமாக் கொட்டகையில் மற்றப் படங்களின் போஸ்டரை ஒட்டக்கூடாது என்று அவர் கேட்கவில்லை.

வக்கீல் நண்பர் அடிக்கடி எடுத்து வீசுகிற அந்த 57-ஆவது பிரிவுக்கு ஒரு வால் இருக்கிறது. 1994-இல் திருத்தம் செய்தபோது பார்லிமெண்டு சேர்த்த வால். கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதி ஒன்றை முறைப்படி வைத்திருக்கிறவன், அது எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதற்காக அதை மாற்றிக்கொண்டால், அதை எழுதியவன் 57-ஆவது பிரிவைக் காட்டித் தடுக்கவோ நஷ்டஈடு கேட்கவோ முடியாது. நாவலுக்கு இந்த வால் கிடையாது, புரோகிராமுக்கு மட்டும்தான். இரண்டையும் 'இலக்கியம்' என்று ஒரே பந்தியில் உட்காரவைத்த பார்லிமெண்டுக்கே, இரண்டும் ஒன்றல்ல என்று பத்து வருஷத்தில் தோன்றிவிட்டது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது ஆண்ட்ராய்டு வந்துவிட்டது, மூலமே ஊர்ப் பொதுச் சொத்து, எந்தப் போன் கம்பெனியும் என்ன முகம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். காகிதத்தில் அப்படித்தான். ஆண்ட்ராய்டின் மூலம் திறந்துதான் கிடக்கிறது. அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். கூகிள் பூட்டை வேறு இடத்தில் போட்டது. ஜனங்கள் போன் வாங்குவது பிளே ஸ்டோருக்காக. அது பொதுச் சொத்து அல்ல. அது வேண்டுமென்றால் தனி ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில், தேடல் முதலான எங்கள் ஆப்களையும் சேர்த்து வை, எங்கள் சம்மதமில்லாமல் திருத்திய ஆண்ட்ராய்டில் ஓடுகிற போன் ஒன்றைக்கூட விற்கமாட்டேன் என்றும் எழுதிக்கொடு என்று நிபந்தனை இருந்தது. கோவிலுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். செருப்பு வைக்கிற இடத்தைத்தான் குத்தகைக்கு விட்டிருக்கிறது!

2012 செப்டம்பர் 13-ஆம் தேதி ஏஸர் கம்பெனி, அலிபாபாவின் 'அலியுன்' என்ற ஸாஃப்ட்வேரில் ஓடும் போன் ஒன்றை ஷாங்காயில் வெளியிட ஏற்பாடு செய்திருந்தது. வெளியீடு கடைசி நேரத்தில் நின்றுபோயிற்று. அலியுன் என்பது திருத்திக் கெடுத்த ஆண்ட்ராய்டு, அதை ஏஸர் விற்கக்கூடாது என்று கூகிள் ஆட்சேபித்தது. அலிபாபா அதை மறுத்தது. போன் வேறுவேறாக இருந்தால் ஒன்றில் ஓடுகிற ஆப் மற்றொன்றில் ஓடாது என்று கூகிள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு, மோஸில்லா செய்ததுபோல, 'ஆண்ட்ராய்டு' என்ற பெயரைப் போடாதே என்று சொன்னால் போதாதோ? ஏஸர் செய்கிற மற்றப் போன்களையெல்லாம் பணயம் வைத்து ஏன் பயமுறுத்தவேண்டும்? 1996 மே மாதத்தில் காம்பாக்குக்கு வந்த கடிதத்துக்கும் இதற்கும் கையெழுத்து ஒன்றுதான் வித்தியாசம்.

ஐரோப்பியக் கமிஷன் 2018 ஜூலையில் இதற்காக 434 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022-இல் அங்குள்ள பொது நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தாலும், குற்றத்தைப் பெரும்பாலும் உறுதி செய்தது. நம் நாட்டில் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-ஆம் தேதி 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூடவே பல உத்தரவுகளும் போட்டது. அவற்றில் ஒன்று, முன்கூட்டியே வைக்கப்பட்ட கூகிள் ஆப்களை வேண்டாம் என்றால் போனிலிருந்து நீக்கிவிட, வாங்கியவனுக்கு வழிவிடவேண்டும் என்பது. நான் மேலே சொன்னேனே, அந்த மூன்றாவது ஆசாமி - அவன் பெயர் ஓர் உத்தரவில் வந்துவிட்டது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கூகிள் மேல்முறையீடு செய்தது. தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. 1,337.76 கோடி அபராதம் சரி என்றது. ஆணையத்தின் உத்தரவுகளில் நான்கை ரத்து செய்தது. ஆப்களை நீக்கிக்கொள்ள வழிவிடவேண்டும் என்ற உத்தரவு அந்த நான்கில் ஒன்று.